தவிட்டுக் கப்

மர்பி டவுன் டீக்கடையில் காலைத் தூறல். கொதிக்கிற பாலின் ஆவிக்கு நடுவே, டீ மாஸ்டர் உத்தமனின் கட்டைவிரல் மட்டும்தான் கிருத்திகாவின் கண்ணுக்குத் தெரிகிறது. அரிசித் தவிட்டையும் குருணையையும் அரைத்துச் சுட்டு அவள் உருவாக்கிய கப்புகள் பலகைமேல் அடுக்காக நிற்கின்றன. டீயைக் குடித்துவிட்டுக் கப்பையும் தின்றுவிடலாம், குப்பையே மிஞ்சாது. பக்கத்தில் நிற்கும் மஞ்சுநாத்துக்கு ஊரெல்லாம் டீக்கடை. அவர் இன்றைக்குத் தலையாட்டினால்தான் அவளுடைய பட்டறை ஓடும்.

உத்தமன் வெற்றிலைச் சிவப்பு நாக்கை நீட்டுகிறான். கட்டைவிரலை அதில் ஓர் இழுப்பு. அந்த ஈரவிரலால் மேல் கப்பின் விளிம்பைத் தேய்த்துப் பிரிக்கிறான். உள்ளே 'ஃபூ' என்று ஓர் ஊதல். பேப்பர் கப்புக்குச் செய்து செய்து கையில் ஊறிய பழக்கம். டீ இறங்குகிறது. "இந்தாங்க மேடம், ஸ்பெஷல்!" விளிம்பில் சிவப்பாக ஒரு ரேகை பளபளக்கிறது. "நீங்களே ஃபர்ஸ்ட் கடிச்சுக் காட்டுங்க மேடம்," என்கிறார் மஞ்சுநாத். கப்பைத் திருப்பி மறுபக்கம் கடிக்கிறாள். ஆவியில் நமுத்த தவிடு கொழகொழவென்று நாக்கில் ஒட்டுகிறது. விழுங்கிவிட்டுச் சிரிக்கிறாள்.

"எப்படி இருக்கு?"

"சூப்பர் சார். நீங்களும் ஒண்ணு..."

உத்தமனின் நாக்கு மறுபடி வெளியே வருகிறது. இந்த முறை மஞ்சுநாத்தும் பார்க்கிறார். கைக்குட்டை எடுத்து, எதுவும் படாத உதட்டை அழுத்தித் துடைக்கிறார்.

"மாஸ்டர், நமக்குக் கண்ணாடி கிளாஸ்ல ஊத்துப்பா."