ஒரு மணிக்குள்

செல்போனில் மணி பார்த்தாள். பன்னிரண்டு இருபது.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய ஆஸ்பத்திரி அறை. காலையில் குழாய் வழியாகக் கருப்பைக்குள் மருந்து விட்டிருந்தார்கள். இந்நேரம் அது உள்சுவரில் ஊறியிருக்கும். ஒரு மணிக்குள் சிவப்பு விளக்கை உள்ளே காட்டினால் பாழாய்ப்போன அந்தச் சுவர் கருகிவிடும். நாலு வருடமாக நிற்காத உதிரப்போக்கு நிற்கும்.

தாண்டினால் மருந்து வீண்.

இனிப் பிள்ளை பிறக்காது, சம்மதம் என்று ஒரு தாள். அதில் கையெழுத்து விழவில்லை.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போன அவள் புருஷன் சௌந்திரபாண்டியைக் காணோம். ஒரு டீயை எவ்வளவு நேரம்தான் குடிக்க முடியும்?

பன்னிரண்டு ஐம்பதுக்கு வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அம்மாட்டப் பேசினேன். ரெண்டும் பொண்ணாப் போச்சு. ஆவணிக்குள்ள பையன் தங்கும்னு ஜோசியர் சொல்லிருக்காராம். அதுவரைக்கும் பொறுத்துப் பாப்போம்."

ஆவணிக்கு இன்னும் ஐந்து மாதம். பன்னிரண்டு கிராம் இருக்கவேண்டிய ரத்தம் அவள் உடம்பில் ஆறரை கிராம்தான்.

நாலு வருடமாகச் சேலையை அலசியது ஜோசியரா?

அதைக் கேட்காமல் மறுபடியும் மணி பார்த்தாள். அவன் மேல் வந்ததைவிடத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஒன்று ஆயிற்று.

ஒன்று பத்து.

நர்ஸ் ஜெசிந்தா வந்து சொன்னாள். மருந்து உடம்பை விட்டுப் போக இரண்டு நாள் ஆகும், அதுவரை வெயில் படக்கூடாது, பட்டால் தோல் வெந்துவிடும்.

சௌந்திரபாண்டி பதறிப்போனான். குடை வாங்கி வர ஓடினான். இதற்கு அவன் யாரிடமும் கேட்கவில்லை.

அவள் எழுந்து சேலையைச் சரிசெய்தாள். எரியாத விளக்கின் வயரை நர்ஸ் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் கையெழுத்துப் போட்டிருந்தாச் செல்லாதா சிஸ்டர்?"

வயரைச் சுருட்டிய கை நின்றது.

"ஒங்க கையெழுத்துதாம்மா வேணும். அவுக வந்து போடட்டும்னு நீங்கதான சொன்னீங்க."

தாள் தலைமாட்டில் இருந்தது. பக்கத்திலேயே பேனா. காலையிலிருந்து கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.