ஆரம்ப நிலை, அரை மணி நேரம்

மேனேஜர் தன் சுழல்நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்க இதுல உக்காருங்க" என்றபோது சர்டிபிகேட்டுக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. கதவையும் அவரே சாத்தினார். கண்ணாடித் தடுப்பின் திரையையும் அவரே இறக்கிவிட்டார்.

சர்டிபிகேட் என்பது ஆபீஸ் அவனுக்கு வைத்த பெயர். கம்பெனி சந்தா கட்டியிருக்கும் ஆன்லைன் பயிற்சித் தளத்தில் அவன் முடிக்காத கோர்ஸ் கிடையாது. பாடத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, சத்தத்தை அணைத்து, சாப்பிட்டுக்கொண்டே முடிப்பான். நேரத்தை மிச்சப்படுத்தும் கலைக்கு வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதற்காக அரை நாள் லீவு எடுத்தவன்.

துணை மேனேஜர் பதவி காலியாக இருந்தது. மேனேஜர் கூப்பிடுகிறார் என்றதுமே மனைவிக்குப் போன் போட்டு, இன்றைக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான்.

மேனேஜர் பதவியைப் பற்றிப் பேசவில்லை. தனக்கு ஒரு கோர்ஸ் தேவைப்படுகிறது, எவ்வளவு தேடியும் அகப்படவில்லை, தேடித் தர முடியுமா என்றார்.

தேடுபெட்டியில் அவர் அடித்திருந்தது 'பேசுவது எப்படி'. தளமும் சளைக்காமல் ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொட்டியிருந்தது. மேடையில் பேசுவது, பிரெஞ்சு பேசுவது, நாயோடு பேசுவது. நாய் கோர்ஸை மேனேஜர் கொஞ்ச தூரம் பார்த்திருப்பார் போல, பாதியில் நின்றிருந்தது.

சர்டிபிகேட் தொண்டையைச் செருமிக்கொண்டான். பொத்தாம்பொதுவாகத் தேடினால் இப்படித்தான் ஆகும் என்றான். யாரிடம் என்ன பேச வேண்டும் என்று தெரிந்தால்தான் வார்த்தையைச் சுருக்க முடியும் என்றான். மேனேஜருக்கே பாடம் எடுப்பதில் அவனுக்கு அப்படி ஒரு சுகம்.

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஒரு கெட்ட செய்தி சொல்லணும். வேலை போன விஷயம்."

கீபோர்டுக்கு மேலே சர்டிபிகேட்டின் விரல்கள் அப்படியே நின்றன.

"யார்கிட்ட சார்?"

"ரொம்ப வருஷமா கூடவே இருக்கறவங்க. என்னை நம்பி இருக்கறவங்க."

அது யார் என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஃபில்டர் எதுவும் தேவைப்படவில்லை. இந்த மேனேஜர் வந்த நாளிலிருந்து கூடவே இருப்பவன், அவர் சொன்ன ஜோக்குக்கெல்லாம் சிரித்தவன், அவன் ஒருவன்தான்.

போன வருஷம் கேஷியரை லிஃப்டில் வைத்தே, கதவு திறப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பிய மனிதர் இவர். அதற்கெல்லாம் எந்த வகுப்பும் படிக்கவில்லை. தன் ஒருவனுக்காக மட்டும் கோர்ஸ் தேடுகிறார் என்று தோன்றியபோது, அந்த நடுக்கத்திலும் சர்டிபிகேட்டுக்கு லேசாகப் பெருமை எட்டிப் பார்த்தது.

தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே இழுத்துத் தரம் பார்க்கிறவனைப் போல அவன் தேட ஆரம்பித்தான். 'வேலையிழப்பு', 'ஆறுதலாகத் தெரிவித்தல்' என்று வார்த்தைகளை மாற்றினான். மொழி தமிழ், ஆரம்ப நிலை என்று ஒவ்வொன்றாக டிக் அடித்தான். எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கேட்டான். அரை மணிக்கு மேல் வேண்டாம், சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்றார் மேனேஜர்.

'மேலாளர்களுக்கு' என்ற பிரிவில் டிக் அடித்தபோது மட்டும் தடுத்தார். அதில் வருகிறவர்களெல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு பேசுவார்கள், தன் காரியத்துக்கு ஆகாது, எடுத்துவிடுங்கள் என்றார்.

ஆயிரங்கள் சுருங்கி ஒரு கைப்பிடி மிஞ்சியது. நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, எத்தனை பேர் போட்டது என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வாத்தியாரின் மாமாவும் சித்தப்பாவும் போட்டதாக இருக்கும் என்று விளக்கினான். வேலை போகப்போகிற வேளையிலும் அவனால் விளக்காமல் இருக்க முடியவில்லை. சுமார் என்று எழுதியவர்களின் கருத்துகளைப் படித்து இன்னும் சிலவற்றைத் தள்ளினான். மிச்சமிருந்த ஒன்றின் மாதிரிப் பாடத்தை ஓடவிட்டான்.

ஓர் அம்மாள் தணிந்த குரலில் பேசினார். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள் என்றார். 'கவலைப்படாதே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றார். மேனேஜர் உதட்டை அசைத்து அசைத்துச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கேட்கிறவர் அழுதால் என்ன செய்வது என்பது இதில் வருமா என்று கேட்டார்.

அடுத்த பாடத்தில் வருகிறது என்று சர்டிபிகேட் சொன்னான். நல்ல செய்தி என்று மனைவியிடம் வாய் நிறையச் சொல்லியாகிவிட்டது. இனி அவளிடம் என்னவென்று ஆரம்பிப்பது? இதே கோர்ஸில் தானும் சேர்ந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மேனேஜர் ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"சார், நேரா சொல்லிடுங்க. எனக்காக நீங்க கோர்ஸெல்லாம் படிக்க வேணாம்."

மேனேஜர் அவனைப் புரியாமல் பார்த்தார். மெல்ல மெல்லத்தான் அவருக்கு விளங்கியது.

"உங்களை அனுப்பறதுக்கு எனக்கு எதுக்குங்க கோர்ஸ்?" என்றார். "வேலை போனது எனக்கு. வீட்ல சொல்லணும்."