பதினான்கு பாய்ச்சல்

கனலி என்ற குதிரை, ஊரே திரளும் பெரிய குதிரைப் போட்டிக்காக ஆறு மாதமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. திடலில் மூன்று பீப்பாய்கள் நிற்கும். ஒன்றையும் தட்டிவிடாமல் மூன்றையும் சுற்றி வேகமாகத் திரும்பி வர வேண்டும். லாயத்தில் கூடவே இருந்த துடுக்கு என்ற ஆட்டிடம் கனலி தினமும் ஒப்பித்தது: "பதினான்கு பாய்ச்சல், அப்புறம் வலப்பக்கம் திருப்பம்."

"பீப்பாய் தள்ளி இருந்தால்?" என்றது ஆடு.

"எல்லா இடத்திலும் ஒரே அளவுதான். பேசாமல் புல்லைத் தின்னு."

போட்டி நாள் வந்தது. முதுகில் இருந்த அகலத் தொப்பிக்காரி கடிவாளத்தைத் தளர்த்தியதும் கனலி பாய்ந்தது. பதினான்காவது பாய்ச்சலில் வலப்பக்கம் சாய்ந்தால், அங்கே வெறும் மணல்! பெரிய திடல் அது; பீப்பாய் இன்னும் தள்ளி நின்றது. கூட்டம் "ஐயோ" என்றது. கனலி பயந்து தடுமாறி, நிமிர்ந்த பிறகுதான் பீப்பாயைக் கண்ணால் பார்த்தது. பார்த்துக்கொண்டே ஓடியது. முதல் பீப்பாயைச் சுற்றியபோது பயம் போய்விட்டது. மூன்றாவதைச் சுற்றியபோது சிரிப்பே வந்துவிட்டது.

நாற்பது குதிரைகளில் நான்காம் இடம். கழுத்தில் வெள்ளை ரிப்பன் கட்டினார்கள்.

"தடுமாறாமல் இருந்திருந்தால் நீதான் முதல்," என்று லாயத்தில் கதையைக் கேட்ட துடுக்கு வருத்தப்பட்டது.

"இருக்கலாம். ஆனால் இப்படி ஒரு ஓட்டம் நான் ஓடியதே இல்லை," என்றது கனலி.

ஆடு ரிப்பனை முகர்ந்து பார்த்து, மெல்ல ஒரு முனையைக் கடித்தது. கனலி தடுக்கவில்லை. எட்டட்டும் என்று கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தது.