அழுகுணி மாப்பிள்ளையின் ஜீன் ரிப்போர்ட்

"அப்போ நான் நடிக்கலைன்னு இப்பவாவது ஒத்துக்கோ!"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, சும்மா ஆசைக்கு ஜீன் டெஸ்ட் எடுத்துட்டு வந்து என்னை ஏன் குடையுறீங்க?"

சாப்பாட்டு மேசையில் ரிப்போர்ட் விரிந்து கிடக்கிறது. ஜன்னல் வெயில் அந்த ஒரு வரியின் மேல் விழுகிறது: இந்த வகை வலி மாத்திரை இவர் உடம்பில் வேலை செய்யாது. ஆறு வருடத்துக்கு முன் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்று நாள் கணவர் முனகியபோது கொடுத்தது இதே மாத்திரைதான். "அதான் மாத்திரை போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன ஒப்பாரி?" என்று கேட்டவள் மனைவி. அன்றிலிருந்து அவள் பிறந்த வீட்டில் அவருக்கு 'அழுகுணி மாப்பிள்ளை' என்றே பெயர். இப்போது அவர் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. அவள் மருந்து டப்பாவைத் திறக்கிறாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஒவ்வோர் அட்டையாகப் பெயர் படிக்கிறாள். தன் முட்டிவலிக்கு நன்றாகக் கேட்கும் அதே மாத்திரையைத் தனியே எடுத்து வைக்கிறாள். பிறகு டப்பா மூடியின் உட்பக்கம் பேனாவை அழுத்தி எழுதுகிறாள்: 'இவருக்கு என் முட்டிவலி மாத்திரை கேட்காது. வலின்னு சொன்னா நம்பணும்.' அவர் அதை இரண்டு தரம் படிக்கிறார்.

"இதை உங்க அம்மா வீட்டு டப்பாவுலயும் எழுது," என்கிறார்.

இது போதுமா, வாயால் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டுமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது, கீழே எழுதுங்கள்.