புள்ளிப் புத்தகம்

கண் பரிசோதகர் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. எதிரே இருப்பவரின் முகத்தைத்தான் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருடங்களாக, ரயில் ஓட்ட வருகிற எல்லோரும் அவர் மேசையைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். நிறம் பிரித்தறியும் கண்ணுக்கு நடுவில் ஓர் எண் தெரியும். பதினாறு பக்கம், பதினாறு எண். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்.

நர்ஸ் மட்டும் கேலி செய்வாள். ஊரார் கண்ணையெல்லாம் அளக்கிறவர், வீட்டில் மனைவி எடுத்து வைத்தால்தான் சட்டை போடுவாராம். அவர் சிரித்துக்கொள்வார்.

இன்றைக்கு முதலில் வந்தவள் எழுத்துத் தேர்வில் முதலிடம். இந்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. இங்கே தோற்றால் ரயில் இல்லை.

முதல் பக்கத்தைத் திறந்தார். நாற்பத்தேழு என்றாள்.

பதிமூன்று என்று சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்று குறித்தார்.

அடுத்ததற்கு ஆறு என்றாள். அதுவும் தப்பு. மூன்றாவதும்.

ஆனால் அவள் திணறவில்லை. எண் தெரியாதவர்கள் கண்ணை இடுக்குவார்கள், தலையைச் சாய்ப்பார்கள், குத்துமதிப்பாக எதையாவது சொல்வார்கள். இவள் பேருந்துப் பலகையைப் படிப்பது போலப் படித்தாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, நிறம் சரியாகத் தெரியவில்லை என்று பக்குவமாகச் சொன்னார்.

அவள் அழவில்லை. புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது சார். நீங்களே ஒரு தடவை பாருங்களேன்."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். புள்ளிகள் புள்ளிகளாகவே இருந்தன.

நாற்பத்தேழு ஒன்பதாம் பக்கத்து எண். ஆறு, பதினொன்றாம் பக்கத்தினுடையது. இல்லாத எண் எதையும் அவள் சொல்லவில்லை. இடம்தான் மாறியிருந்தது. தையல் விட்டுப்போன புத்தகத்தைப் போன வாரம் பியூன் பைண்டிங்குக்குக் கொண்டுபோனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"முதல்லேர்ந்து சொல்லும்மா. மெதுவா."

பதினாறையும் சொன்னாள். பக்கம் போட்டு, எண் போட்டு, ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். தகுதி என்று முத்திரை குத்திக் கையெழுத்திட்டார். அவள் கிட்டத்தட்ட ஓடினாள்.

வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்து அனுப்பச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

எழுதிய தாளை எடுத்துவைத்துக்கொண்டு, உதடு அசைய, புது வரிசையை மனப்பாடம் செய்யத் தொடங்கினார்.