ஒரே பெஞ்சு

வயதைப் பார்க்காமல், தெரிந்த பாடத்தை வைத்தே வகுப்பைப் பிரித்த காலம் அது. தையல் ஆலையில் வேலை பார்த்த செண்பகவல்லியும் அவளுடைய ஒன்பது வயது மகள் இதழினியும் பின்னக்கணக்கு வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த முறையும் இருவரும் தேறவில்லை என்று சுவர்த்திரை அறிவித்தது. செண்பகவல்லிக்கு எரிச்சல் தலைக்கேறியது. பெஞ்சில் பக்கத்தில் இருந்து தினமும் அவளுக்கு இதே கணக்கைச் சொல்லிக்கொடுத்தவளே மகள்தான்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி தப்பாப் போட்ட?"

"நான் மேல் வகுப்புக்குப் போயிட்டா உனக்கு யாரும்மா சொல்லித் தருவா?"

அடிக்க ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு செண்பகவல்லி எழுந்தாள். "டீச்சர், இவளுக்கு மறுபடியும் பரீட்சை வைங்க. நான் வெளிய நிக்கிறேன்."

மகள் விசும்புவது கேட்டும் அவள் திரும்பவில்லை.

சற்று நேரத்தில் தேர்ச்சி மணி அடித்தது. அடுத்த கணக்கை யாரிடம் கேட்பது என்றுதான் செண்பகவல்லிக்குத் தெரியவில்லை.