பத்தடிக் கொடி

"இது பள்ளிக்கூடமா, தங்கச் சுரங்கமா, கர்டிஸ்?"

தலைமையாசிரியை லொரெய்ன் எரிச்சலோடு மேசைக்குக் குறுக்கே கிடந்த கம்பைத் தள்ளினாள். பத்தடிக் கம்பு, நுனியில் ஆரஞ்சுத் துணி. எட்டு வயது ஹேசலின் புத்தகப் பையில் அவள் அப்பன் கர்டிஸ் கட்டி அனுப்பியது. மூன்றே நாளில் வகுப்பறைக் கூரைப் பலகை ஒன்று பெயர்ந்துவிட்டது. ஒரு பையனின் கண் மயிரிழையில் தப்பியது. மற்ற பிள்ளைகளின் கேலி தாங்காமல் ஹேசல் மதியச் சாப்பாட்டைக் கழிப்பறையில் உட்கார்ந்து தின்கிறாள்.

கர்டிஸ் அசையவில்லை. நெவாடா மலையில் பதினாறு வருடம் சுரங்க லாரி ஓட்டியவன். அங்கே ஓட்டுகிறவன் மாடி உயரத்தில் இருப்பான், காலடியில் ஜீப் நின்றாலும் தெரியாது. அதனால் சின்ன வண்டி ஒவ்வொன்றிலும் இந்தக் கொடி ஆட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்றான். கொடி கட்டாத மேஸ்திரி ஒருவனின் ஜீப்பைத் தகரம் தகரமாக இவனே அள்ளியிருக்கிறானாம்.

"இப்ப ஊருக்குள்ள ஓடுற பிக்கப் டிரக்கும் அதே லட்சணம்தான் டீச்சர். மூக்கு என் நெஞ்சு உசரம். ஹேசல் முன்னாடி நின்னா ஓட்டுறவனுக்கு அவ உச்சந்தலைகூடத் தெரியாது."

"என்கிட்ட நாலாங்கிளாஸ் படிச்சப்பவும் நீ இப்படித்தான். ஒண்ணைப் பிடிச்சா விடமாட்டே."

சொன்னாளே தவிர, அந்த வண்டிகளைக் கண்டால் அவளுக்கும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் ஒருத்தன் அவள்மேல் ஏற்றப் பார்த்தான். இறங்கி வந்து, கவனிக்கவில்லை என்று பல்லைக் காட்டினான். ஒரு மூட்டை நாய்த்தீனி வாங்க வந்தவனுக்கு வீடளவு வண்டி.

லொரெய்ன் பெருமூச்சோடு காகிதத்தை எடுத்தாள். கொடி வேண்டாம்; பதிலுக்கு நகராட்சிக்கு எழுதி வேகத்தடை போடச் சொல்கிறேன், காலை மாலை பிள்ளைகளைத் தாண்டிவிட ஆளும் கேட்கிறேன் என்றாள்.

"எந்த ரோட்டைத் தாண்டி வர்றா, சொல்லு."

"ரோடே கிடையாது டீச்சர். நாங்க இப்ப குடியிருக்கிறது உங்க பள்ளிக்கூட வேலியை ஒட்டின வீடு. வாசல்ல இறங்கினா ஸ்கூல்."

பேனா நின்றது.

"அப்புறம் எந்த டிரக்குக்குடா இந்தப் பாடு?"

கர்டிஸ் தரையைப் பார்த்தான்.

"போன மாசம் நான் ஆசைப்பட்டு வாங்கினதுக்குத்தான். காலையில கிளப்பும்போது பிள்ளை முன்னாடி நிக்கிறாளா இல்லையான்னே எனக்குத் தெரிய மாட்டேங்குது."